இடுப்புப் புட்டியில் எதை ஊற்றுவது?

பேண்டின் பின்பாக்கெட்டில் எதை வைத்துக்கொண்டு உட்காரலாம், எதை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது என்பதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. முக்கோணத்தின் சுற்றளவைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தந்தார்கள். அக்பருக்கு அப்பா யார் என்று சொல்லித் தந்தார்கள். இரண்டும் எனக்கு இன்றுவரை எந்த ஆபத்திலும் கைகொடுத்ததில்லை. பின்பாக்கெட் விஷயத்தை எந்த வாத்தியாராவது ஒரே ஒரு பீரியட் எடுத்துச் சொல்லியிருந்தால், என் கல்யாணம் மகாபலிபுரத்து மணலில் கவிழப் பார்த்திருக்காது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது மெட்ராஸ் ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. நான் செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வேலை நிரந்தரமாகிவிட்டது, மீசைதான் இன்னும் நிரந்தரமாகவில்லை. அம்மா எனக்குப் பெண் பார்த்திருந்தாள். பெண்ணின் பெயர் சரோஜா. பெண் பார்க்கப் போன அன்று கேசரித் தட்டை என் கையில் கொடுத்தவள், நான் பதற்றத்தில் ஸ்பூனைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கண்ணாலேயே ‘திருப்பிப் பிடியுங்கள்’ என்றாள். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். கட்டினால் இவள், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று வீடு திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். (அம்மா கேட்டபோது நான் சொன்னது ‘பரவாயில்லை’ என்ற ஒரே வார்த்தை. அந்தக் காலத்துக் காதல் அதற்கு மேல் வாய் திறக்காது.)

ஆனால் முடிவு செய்ய வேண்டியவர் நான் இல்லை. சரோஜாவின் அப்பா தர்மலிங்கம். ஜில்லாவையே நடுங்கவைத்துக்கொண்டிருந்த மதுவிலக்கு இன்ஸ்பெக்டர். வைக்கோல் போருக்கு அடியில் புதைத்த சாராய ஊறல் பானையை, ஓடுகிற ஜீப்பில் இருந்தபடியே மூக்கால் கண்டுபிடிப்பார் என்று பேச்சு. அந்த மூக்கும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. முகத்தில் பாதி இடத்தை அதுவே ஆக்கிரமித்துக்கொண்டு, மீதியை மீசைக்கு விட்டுக்கொடுத்திருந்தது.

கேசரி சாப்பிட்டு முடித்ததும் அவர் சொன்னார்: “கூடத்துல விசிறிக்கு அடியில உட்கார்ந்திருந்தா எல்லாப் பையனும் நல்ல பையன்தான். வெயில்ல கூட்டிட்டுப் போய்ப் பார்த்தாத்தான் குணம் தெரியும். வர்ற ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட மகாபலிபுரம் போறோம். நீங்களும் வாங்க தம்பி. வந்த பிறகு பேசிக்கலாம்.”

குடும்பத்தோடு என்றால் சரோஜாவும் வருவாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. நேரே என் சிநேகிதன் காதரிடம் ஓடினேன். கடைத்தெருவில் அவன் வாப்பாவுக்குக் குடை, டார்ச் லைட், அத்தர் விற்கிற கடை. விஷயத்தைக் கேட்டதும் காதர் உள்ளே போய், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களோடு ஏலத்தில் வந்த பெட்டியைக் குடைந்து, ஒரு புட்டியை எடுத்து வந்தான். உள்ளங்கை அகலத்தில் வெள்ளிப் பூச்சுப் பூசிய தட்டையான தகரப் புட்டி. மனிதனின் பின்புறத்தை அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு பக்கம் குழிந்திருந்தது.

“வெள்ளைக்காரன் வேட்டைக்குப் போவும்போது இத்தப் பின்னால சொருவிகினுதான் போவான் மச்சான். நல்ல எடமாப் பாத்து நின்னுகினு, சோக்கா எடுத்து, தொறந்து, மொதல்ல பெரியவருக்கு நீட்டுவான். அத்தோட அந்தப் பெரியவரு இவன் ஆளு.”

“டேய், அவர் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர்டா.”

“அதாண்டா விசயமே. தெனம் புடிக்கிறவருக்கு ருசி தெரியாம இருக்குமா? மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயே துன்றதில்லன்னு எவன்னா சொன்னா நம்புவியா?”

நம்பினேன். இருபத்துநான்கு வயதில் நான் எதையும் நம்பக்கூடியவனாக இருந்தேன்.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் கடைக்குள்ளே, குடைக் குவியலுக்கு நடுவே ஆலோசனை நடந்தது. இருவருமே ஒரு சொட்டு தொட்டவர்கள் இல்லை. காதர் மார்க்கத்துக்குக் கட்டுப்பட்டவன். நான் அம்மாவுக்குக் கட்டுப்பட்டவன். ஆனால் எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இரண்டு பேரும் சாராய ஆலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

பிராந்தியில் ஆரம்பித்தோம். எங்கள் தெருவில் ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருதயத்துக்காக மது பர்மிட் வைத்திருந்தார். (பர்மிட் சரக்கு வருகிற வாரத்தில் மட்டும் அவருடைய இருதயம் படுமோசமாக இருக்கும்.) கெஞ்சினால் கொஞ்சம் கொடுப்பார். காதர் தலையை ஆட்டிவிட்டான். “பிராந்தி குளிருக்குடா. சித்திரை வெயில்ல அத்த ஊத்தினா மாமனாரு அந்த மணல்லயே வெந்து பூடுவாரு.” சரி, ரம்? “அது மிலிட்டரிக்காரன் சரக்கு. குடிச்சா லெஃப்ட் ரைட் போட்டுகினு நேரா கடலுக்குள்ள போயிடுவாரு, நீதான் பொறுப்பு.” பாண்டிச்சேரியிலிருந்து சைக்கிள் டியூபுக்குள் அடைத்துச் சரக்கு வருவதாகச் சொன்னார்கள். அதைக் குடித்தால் ஏப்பத்தில் பஞ்சர் ஒட்டுகிற வாசனை வருமாம். முகத்துவாரத்துப் பக்கம் காய்ச்சுகிற சாராயத்தைச் சொன்னதும் காதர் என் வாயைப் பொத்தினான். “வூட்ல டார்ச் லைட்டே இல்லாதவன்லாம் நம்ம கடைல பேட்டரிக் கட்டை வாங்கிகினு போறானே, எதுக்குன்னு நெனச்சே? அதுக்குள்ள போட்டுக் காச்சறதுக்குத்தான்.”

மிச்சம் இருந்தவை மருந்து ஷாப்பில் கிடைக்கும் இஞ்சி டிங்சரும், மர வேலைக்காரர்கள் உபயோகிக்கும் பிரெஞ்சு பாலிஷும். அலமாரிக்குப் பூசுவதை மாமனாருக்கு ஊற்றுவது மரியாதை இல்லை என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. வைத்தியர் கடையில் விற்கும் திராட்சை அரிஷ்டம்தான் சரி, கேட்டால் மருந்து, குடித்தால் சரக்கு என்று காதர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, எதிர்ச்சாரியில் அதே வைத்தியர் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது.

தர்மலிங்கம் இறங்கினார். நாங்கள் ஆளுக்கொரு குடையை விரித்து அதன் பின்னால் பதுங்கினோம். அவர் ஒவ்வொரு அரிஷ்டப் புட்டியாகத் திறக்கச் சொல்லி, குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். சிலவற்றைத் திருப்பி வைத்தார். சிலவற்றைத் தெருச் சாக்கடையில் தன் கையாலேயே கவிழ்த்தார். கவிழ்க்கும்போது அந்த முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே!

காதர் குடையை மடக்கினான். “மச்சான், நான் சொன்னது தப்பு. இந்த ஆளு துன்றவன் இல்ல. கொட்றவன்.”

இத்தோடு புட்டியைப் பெட்டியில் போட்டு மூடியிருந்தால் நான் புத்திசாலி. ஆனால் அதற்குள் டெய்லரிடம் புதுப் பேண்ட் தைக்கக் கொடுத்து, புட்டிக்கென்று அளவெடுத்துப் பின்பாக்கெட்டும் வைத்தாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, புட்டியை உருவுவதையும் செருகுவதையும் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். சரோஜாவுக்கு முன்னால் அப்படி ஒரு தரமாவது உருவாவிட்டால் நான் பிறந்ததற்கே அர்த்தம் இல்லை என்று தோன்றியது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அது நல்ல யோசனைதான் என்பேன், பலனைப் பார்க்காதவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கள் கூடாது, பதநீர் குடியுங்கள் என்று சர்க்காரே சுவரில் எழுதிவைத்திருந்த காலம் அது. அதே பனைமரம், அதே பாளை. பானைக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீருக்குச் சட்டத்தின் ஆசீர்வாதமே உண்டு. வெள்ளைக்காரனின் சாராயப் புட்டியில் நம்முடைய பதநீர்! இதைவிட ஒரு மதுவிலக்கு இன்ஸ்பெக்டரின் மனதைக் குளிரவைக்க வேறு என்ன வேண்டும்? உட்கார்ந்து ஒரு பிரசங்கமே தயாரித்தேன்: “சார், இது வெள்ளைக்காரன் விட்டுப்போன புட்டி. இதில் அவன் விஷத்தை ஊற்றினான். நான் நம் நாட்டு அமுதத்தை ஊற்றியிருக்கிறேன். முதல் மடக்கு தங்களுக்கு.” காதர் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். (அன்று கடையில் அத்தர் கொட்டியிருந்தது, அதனாலும் இருக்கலாம்.)

புட்டிக்குள் பழைய விஸ்கி வாடை இருந்தது. அது போக வேண்டுமே. அம்மாவிடம் கேட்டேன். அவள் அதை ஏதோ தலை எண்ணெய்ப் புட்டி என்று நினைத்துக்கொண்டு, “புளிச்ச தோசை மாவைக் கரைச்சு ராத்திரி முழுக்க ஊத்தி வை, எப்பேர்ப்பட்ட வாடையும் போயிடும்” என்றாள். வைத்தேன். வாடை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பதநீர் வாங்கினேன். அதில் சுண்ணாம்பு நெடி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கு அதையும் குற்றம் சொல்லுமோ என்று பயந்து, நன்றாகத் தெளியவைத்து, வேட்டித் துணியில் திரும்பத் திரும்ப வடிகட்டி, சுண்ணாம்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்தேன். காதர் தன் பங்குக்குச் சைக்கிள் டியூபை வெட்டி மூடிக்கு ஒரு வாஷர் போட்டுக் கொடுத்தான். “இனி ஒரு சொட்டு வெளிய வராது மச்சான்” என்றான். மூடியை இரண்டு பேருமாகச் சேர்ந்து முறுக்கினோம்.

புளித்த மாவும், சுண்ணாம்பு போன பதநீரும், இறுகிய மூடியும், சித்திரை வெயிலும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று இட்லிக்கு அரைக்கிற எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நான் யாரையும் கேட்கவில்லை. கிராப்பை வாரிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

பஸ்ஸில் சரோஜாவும் அவள் அம்மாவும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பின் சீட்டில் ஜன்னல் ஓரம் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் நான். படிக்கட்டுக்குப் பக்கத்தில் கூடையை வைத்துக்கொண்டு முனியம்மா என்ற மீன்காரம்மா. செங்கல்பட்டில் விற்றதுபோக மீந்த கருவாட்டோடு மகாபலிபுரத்துக் குப்பத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் உட்பட எல்லோரையும் பெயர் சொல்லி வம்புக்கு இழுத்துக்கொண்டு வந்ததில் அவள் பெயர் எங்களுக்கும் தெரிந்துபோயிற்று. சரோஜா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியது. எங்கோ ‘புஸ்’ என்று ஒரு சத்தம். இன்ஸ்பெக்டரின் மூக்கு ஒரு துடி துடித்தது. அடுத்த பள்ளம். ‘புஸ்.’ அவர் எழுந்துவிட்டார்.

“டிரைவர், ஓரங்கட்டு. இந்த பஸ்ல கள்ளு இருக்கு.”

பஸ் ஒரு புளியமரத்தடியில் நின்றது. “யார் கொண்டுவந்ததோ மரியாதையா சொல்லிடுங்க” என்றார். ஒவ்வொருவரும் பக்கத்து சீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கோபம் கோபமாக வந்தது. மதுவிலக்கு இன்ஸ்பெக்டரும் அவர் வருங்கால மருமகனும் போகிற பஸ்ஸில் கள் கொண்டுவர எவனுக்குத் தைரியம்! “நான் ஒரு பக்கம் பார்க்கிறேன் சார்” என்று கையை மடக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினேன். (என் பாக்கெட்டில் இருப்பது பதநீர் என்பதில் எனக்கு அப்போது துளியும் சந்தேகம் இல்லை என்பதை வாசகர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.)

ஒரு கிழவரின் துணி மூட்டையைப் பிரித்தேன். கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பத்தின் தூக்குவாளியைத் திறந்து மோந்தேன். நான் குனிகிற இடத்துக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் மூக்கை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“சபாஷ் தம்பி! நீங்க போற இடத்துலதான் வாசனை தூக்கலா இருக்கு. என்ன மூக்கு உங்களுக்கு! எங்க டிபார்ட்மெண்டுல இருக்க வேண்டிய ஆள் நீங்க.”

சரோஜா இதைக் கேட்டாளா என்று பார்த்தேன். கேட்டாள். அந்த உற்சாகத்தில் முனியம்மாவின் கூடைக்குள் முழங்கை வரை விட்டுக் கருவாட்டைக் கிளறினேன்.

“இன்னா நைனா இது! கருவாட்டுக்குள்ள எவனாவது கள்ளு வச்சிகினு போவானா? கைய எடு, அல்லாம் ஒடிஞ்சி தூளாயிடப் போவுது!”

நான் இன்னும் ஆழமாகக் குனிந்தேன். ‘புஸ்ஸ்ஸ்.’ பின்புறத்தில் வெதுவெதுப்பாக ஏதோ நனைந்தது. கையைக் கூடைக்குள் வைத்தபடியே உறைந்து நின்றேன். அந்த ஒரு நொடியில்தான் தோசை மாவும் சுண்ணாம்பும் சைக்கிள் டியூபும் என் மண்டைக்குள் ஒன்றோடு ஒன்று கைகுலுக்கிக்கொண்டன. முனியம்மா எட்டி என் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நிதானமாக என் முகத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“இங்கே ஒன்றும் இல்லை சார்” என்றேன்.

“ஆச்சரியமா இருக்கு” என்று மூக்கைத் தடவிக்கொண்டே இன்ஸ்பெக்டர் பஸ்ஸை விடச் சொன்னார்.

என் சீட்டுக்குத் திரும்பி உட்காரப் போனால் முடியவில்லை. தட்டையாக இருந்த புட்டி பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி உப்பிப்போய், பாக்கெட்டில் இறுகிக்கொண்டிருந்தது. வெளியே இழுத்தால் வரவில்லை. அந்த டெய்லர் கெட்டித் தையல் போட்டிருந்தான். மூட்டைக் கிழவரைக் கூப்பிட்டு என் இடத்தைக் கொடுத்துவிட்டு, கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். இன்ஸ்பெக்டர் முன் சீட்டுப் பக்கம் குனிந்து, “பெரியவங்களுக்கு என்ன மரியாதை பார்த்தியா?” என்று மனைவியிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. பெண் கிடைப்பது நிச்சயமாகிக்கொண்டே வந்தது, புட்டி வெடிப்பதும் நிச்சயமாகிக்கொண்டே வந்தது. எது முந்தும் என்பதுதான் கேள்வி.

மகாபலிபுரத்தில் எல்லோரும் சிற்பங்களைப் பார்த்தார்கள். நான் எல்லோரையும் பார்த்தேன். யாருக்கும் முதுகைக் காட்டாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தேன். சிங்கத்தின் பல்வரிசை எப்படி இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, சிங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “தத்ரூபம் சார்” என்றேன். பெற்றோர் நாலடி முன்னால் போனதும் சரோஜா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்:

“பின்னால என்ன?”

“ஒண்ணும் இல்லையே.”

“ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு ‘ஸ்ஸ்’னு சத்தம் வருது?”

“கடல் சத்தம்.”

“கடல் அந்தப் பக்கம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடலில் போய் விழுந்து குளித்துவிட்டு வருகிறேன், புட்டி கழன்றுவிடும் என்று ஒரு திட்டம் போட்டேன். “முதல்ல சாப்பாடு” என்று இன்ஸ்பெக்டர் ஒரே வார்த்தையில் அதை ஒழித்துக்கட்டினார். பாறை நிழலில் ஜமக்காளம் விரித்தார்கள். புளியோதரை, தயிர்சாதம், வடுமாங்காய். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன்.

“ஏன் தம்பி நிக்கறீங்க? உட்காருங்க.”

“நின்னுகிட்டுச் சாப்பிட்டாத்தான் எனக்குச் செரிக்கும் சார்.”

“அப்பா, அவரை விடுங்களேன்” என்றாள் சரோஜா.

“அதெப்படி? உட்காருங்க தம்பி!”

குற்றவாளிகளைப் பார்த்துப் பேசிப் பழகிய குரல். என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே மடங்கின. உட்கார்ந்தேன்.

‘டொப்!’

பாக்கெட்டின் தையலைப் பிய்த்துக்கொண்டு மூடி கிளம்பி, இன்ஸ்பெக்டர் கழற்றி வைத்திருந்த தொப்பியை உரசிக்கொண்டு போய்த் தயிர்சாதத்தில் விழுந்தது. நுரை என் முதுகு வழியாகச் சட்டைக்குள் ஏறிக் காலர் வழியாக வெளியே வந்தது. கடல் காற்றுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பாறையைச் சுற்றிப் பலமாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல், கள்ளின் வாசனை பரவியது.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் குனிந்தார். ஒரே இழுப்பு. “கள்ளு” என்றார்.

நான் ஏதாவது பேசியாக வேண்டும். பயத்தில் எல்லாம் மறந்துபோய், மனப்பாடம் செய்தது மட்டும்தான் வாயில் வந்தது. நுரை சொட்டச் சொட்ட எழுந்து நின்று, கணீரென்று சொன்னேன்: “சார், இது வெள்ளைக்காரன் விட்டுப்போன புட்டி. இதில் அவன் விஷத்தை ஊற்றினான். நான் நம் நாட்டு அமுதத்தை ஊற்றியிருக்கிறேன். முதல் மடக்கு தங்களுக்கு.”

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. முனியம்மா. கூடையை வீட்டில் இறக்கிவிட்டு, வேடிக்கை பார்க்கத் தோதாகக் குப்பத்திலிருந்து நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். “இன்னா அய்யா, தேடிகினு இருந்த கள்ளு கெடச்சிடிச்சா? பெரிய ஆபீசரு பக்கத்துலயே குந்திகினு வந்துகீது பாருங்கடி!”

தர்மலிங்கத்தின் முகம் கறுத்தது. அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கிளம்புங்க தம்பி, ஸ்டேஷனுக்கு.”

வேலை போயிற்று என்று நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். ஆனால் சரோஜாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் நெஞ்சு உண்மையிலேயே கனத்தது. “வர்றேன் சார்” என்றேன். “சத்தியமா ஏறும்போது பதநீர்தான். வெயில்ல மாறிடுச்சு. ஆனா சட்டத்துக்கு அது தெரியாது. ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க.” முனியம்மாவிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். “அம்மா, கள்ளை என் பின்னாலயே வச்சுக்கிட்டு உங்க கூடையைக் கிளறினேன். மன்னிச்சுடுங்க.”

“அட போ நைனா, பேஜாரு பண்ணாதே. கருவாடுதானே” என்றாள் அவள்.

நான் திரும்பி வந்து இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நின்றேன். அப்போது சரோஜாவின் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். “என் தம்பி வாசுவை இஞ்சி டிங்சர் வச்சிருந்தான்னு உள்ளே தள்ளினீங்க. இன்னிக்கு வரைக்கும் என் பொறந்த வீட்டு வாசல்ல என்னால கால் வைக்க முடியலை. இப்ப பார்த்த மாப்பிள்ளையையும் உள்ளே தள்ளிட்டீங்கன்னா, ஊர்ல நமக்குச் சொந்தம்னு சொல்லிக்க ஜெயிலர் மட்டும்தான் மிச்சம்.”

“அப்பா” என்றாள் சரோஜா. “ஏறும்போது பதநீர். இறங்கும்போது கள்ளு. அப்ப கள்ளா மாறினது பஸ்ஸுக்குள்ளதானே? பஸ்ஸுல அது உங்க பக்கத்துலதானே இருந்தது? பஸ்ஸையே நிறுத்திச் சோதனை போட்டீங்க. ஒண்ணும் இல்லைன்னு நீங்களே சொல்லித்தானே வண்டியை விட்டீங்க? கோர்ட்டுல கேட்டா யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவீங்க, உங்க மூக்கையா?”

“பொண்ணு வக்கீலும்மா!” என்றாள் முனியம்மா.

தர்மலிங்கம் என் பக்கம் வந்தார். கிழிந்த பாக்கெட்டுக்குள் கையை விட்டு, பந்து மாதிரி உருண்டிருந்த புட்டியைப் பிடுங்கினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மணலில் கவிழ்த்தார். மிச்சம் இருந்ததெல்லாம் நுரைத்துக்கொண்டே இறங்கியது. கடைசிச் சொட்டு விழுந்த பிறகு, “சாம்பிள் இல்லாம கேஸ் போட முடியாது” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். “சிரிக்கிறார்” என்று சரோஜா என் காதருகே சொன்னாள். பிறகு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு புட்டி வேண்டுமானாலும் வெடிக்கட்டும் என்று எனக்கு இருந்தது.

முனியம்மா தன் வீட்டுக்காரரின் கைலி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சட்டைக்குக் கீழே கட்டம் போட்ட கைலியும், மடியில் சுருட்டிய ஈரப் பேண்டுமாக உட்கார்ந்து வந்தேன். (ஆமாம், உட்கார்ந்துதான்!) இன்ஸ்பெக்டர் ஊர் வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு பல நாள் ஒரு தகவலும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. “எல்லாம் என் வாஷராலதான் மச்சான்” என்று காதரும் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். கடைசியில் ஒரு காலையில் தாம்பாளத்தோடு வந்து இறங்கியவர்கள் சரோஜாவின் அம்மாவும், ஜெயிலுக்குப் போய் வந்த தம்பி வாசுவும். தர்மலிங்கமே நேரில் போய் வாசுவைக் கூட்டிவந்தாராம். காதர் கடையை மூடிவிட்டு வந்து என்னைத் தூக்கிச் சுற்றினான்.

கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக என்னை மணமேடைக்கு அழைத்து வந்தார்கள். மண்டபம் நிறைய ஜனம். நாதஸ்வரம் நின்று, ஐயர் அடுத்த மந்திரத்துக்கு மூச்சு வாங்கிய இடைவெளியில், நான் மணையில் உட்காரக் குனிந்தேன். அப்போது தர்மலிங்கம் என் தோளைத் தொட்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“மெதுவா உட்காருங்க மாப்பிள்ளை.”

அவர் வாயால் என்னை மாப்பிள்ளை என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் சரோஜா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் மாலை குலுங்க உட்கார்ந்திருந்தாள். விவரம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல, தாலி கட்டுவதற்குள் கடைசி வரிசை வரைக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. தீபாவளிக்கு நாற்காலியை இழுத்தால் மருமகள்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். சினிமாக் கொட்டகையில் இருட்டில் பேரன் சொல்கிறான். போன மாதம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரப் போனபோது, எழுபது வயதைத் தாண்டிய சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா உட்காருங்க மாப்பிள்ளை” என்றாள். நானும் மெதுவாகத்தான் உட்கார்ந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், முழங்காலில் தேய்மானம் என்று எழுதி மாத்திரை கொடுத்துவிட்டார்.